தலை தாழும் இடங்கள்

ஒஸ்லோ நகரின் மேட்டுப் பகுதியில் ஸ்லெம்டால் என்ற அமைதியான குடியிருப்பு இருக்கிறது. அங்கே சன்னலே இல்லாத செங்கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. ஓவியர் எமானுவேல் விகெலான் தம் படைப்புகளை மக்களுக்குக் காட்டவென்று 1926-ல் கட்டியது அது. பிறகு அவர் மனம் மாறியது. இதுவே தமக்குச் சமாதியாகட்டும் என்று முடிவெடுத்து, சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார். உள்ளே சுவரும் வளைந்த கூரையுமாக எண்ணூறு சதுர மீட்டர் பரப்பில் ஒரே சுவரோவியம். மங்கிய வெளிச்சத்துக்குக் கண் பழகப் பழக, கலவியும் கருவும் பிறப்பும் சாவும் இருட்டிலிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வருகின்றன. ஒரு செருமல்கூட நெடுநேரம் எதிரொலிப்பதால் யாரும் சொல்லாமலே வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

1948-ல் அவர் இறந்தார். அவருடைய சாம்பல் அடங்கிய கலசத்தை வாசலுக்கு மேலே ஒரு மாடத்தில் வைத்தார்கள். வாசல் மிகத் தாழ்வானது. வெளியே வர வேண்டுமென்றால் எவரும் குனிய வேண்டும். குனிகிற தலை அந்தக் கலசத்துக்கு அடியில்தான் தாழ்கிறது. கிறித்தவரானாலும் முஸ்லிமானாலும், எந்தக் கடவுளையும் ஏற்காதவரானாலும், சென்னையிலிருந்து வந்த சுற்றுலாப் பயணியானாலும் இதற்கு விலக்கில்லை.

அந்தக் குனிவை வணக்கம் என்று சொல்லலாமா? நம்பிக்கை இல்லாத உடம்பு காட்டும் மரியாதைக்கு மதிப்பு உண்டா? சமயத் தத்துவத்தின் பழைய கேள்வி இது. ஒஸ்லோவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தம்மை அறியாமலே இதற்குள் நடந்து போகிறார்கள். இந்த நகரத்தின் பெயர்பெற்ற காட்சிகளில் பல, ஒருகாலத்தில் யாரோ தொழுத பொருள்கள், அல்லது யாரையோ புதைத்த இடத்திலிருந்து எடுத்து வந்தவை. மற்றவை, தொழுகைக்கு ஈடான ஒன்றைப் பார்வையாளரிடம் எதிர்பார்த்த கலைஞர்கள் செய்தவை.

1820-களில் பெர்லினில் அழகியல் குறித்து உரையாற்றிய ஜெர்மன் தத்துவஞானி ஹெகல் இதற்கு ஒரு தீர்ப்பு வழங்கியிருக்கிறார். கிரேக்கத் தெய்வச் சிலைகள் எத்தனை மேன்மையானவையாக இருக்கட்டும், பிதாவையும் கிறித்துவையும் மரியாளையும் ஓவியர்கள் எத்தனை நிறைவாகத் தீட்டட்டும், இனி நம் முழங்கால் மடங்காது என்றார். கலை நம் அறிவுக்கும் ரசனைக்கும் உரியதாகிவிட்டது, வழிபாட்டுக்கு உரிய காலம் கடந்துவிட்டது என்பது அவர் முடிவு. மேலோட்டமாகப் பார்த்தால் நோர்வே அதற்குச் சான்று சொல்லும் நாடு. 2012-ல் அரசியலமைப்பைத் திருத்தி லுத்தரன் சபைக்கு இருந்த அரசுச் சமயத் தகுதியை நீக்கினார்கள். 2017 சனவரி 1 முதல் சபை தனிச் சட்ட அமைப்பாக இயங்குகிறது. மக்களில் அறுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் இன்னும் அதன் உறுப்பினர்கள்தாம், ஆனால் ஞாயிறு காலையில் தேவாலய இருக்கைகள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கின்றன.

அதே நாட்டில்தான் ஓர் ஓவியர் தம் படங்களுக்கு முன்னால் மக்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்று விரும்பினார்.

எட்வர்ட் முங்க்கின் தந்தை இராணுவ மருத்துவர், கடும் பக்தர். தாய் 1868-லும் அக்காள் சோஃபி 1877-லும் காசநோயில் இறந்தார்கள். 1889 நவம்பரில் தந்தையும் போனார். அந்தக் குளிர்காலத்தில் பாரிஸ் அருகே சான் க்ளூவில் தனித்திருந்த முங்க் ஒரு குறிப்பு எழுதினார். வீட்டுக்குள் படிக்கும் ஆண்களையும் பின்னல் போடும் பெண்களையும் இனி வரையப் போவதில்லை, மூச்சுவிடுகிற, துன்புறுகிற, காதலிக்கிற உயிர்களை வரையப் போகிறேன், அவற்றில் உள்ள புனிதத்தை உணர்ந்து மக்கள் தேவாலயத்தில் நிற்பதுபோலத் தொப்பியைக் கையில் எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். தந்தையின் சமயத்தை விட்டு விலகிய மகன், அந்தச் சமயம் தன் உடம்புக்குள் பதித்திருந்த ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. கடவுள் இருந்த இடத்தில் மனிதத் துன்பத்தை வைத்தார். தொப்பி கழற்றும் கடமை அப்படியே நின்றது.

முங்க் தம் படைப்புகளை ஒஸ்லோ நகருக்கு எழுதிவைத்தார். 2021 அக்டோபரில் பியோர்விக்கா கடற்கரையில் திறக்கப்பட்ட பதின்மூன்று மாடி அருங்காட்சியகத்தில் அவை இருக்கின்றன. 'அலறல்' படத்தின் மூன்று வடிவங்கள் அங்கே ஓர் இருண்ட அறையில் உள்ளன. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் காண முடியும். மற்ற இரண்டும் மூடிய கதவுகளுக்குப் பின்னால் இருக்கும். நேரம் வந்ததும் திறந்திருப்பது மூடிக்கொள்ள, அடுத்தது திறக்கிறது. அட்டையிலும் காகிதத்திலும் செய்த படைப்புகளை ஒளி அரித்துவிடும், அவற்றுக்கு இருட்டில் ஓய்வு தேவை. காரணம் அவ்வளவுதான். ஆனால் கதவு திறக்கும் வேளைக்காகக் காத்து நிற்பவர்களைக் கவனிக்கும் தமிழருக்கு வேறொன்று புலப்படும். அலங்காரம் நடக்கையில் திரை போட்டிருக்கும் சன்னதி முன்னால், மணி அடிக்கட்டும் என்று நிற்கும் கூட்டத்தின் நிற்கும் விதம் அது. கழுத்து சற்று நீள்கிறது. பேச்சு அடங்குகிறது. குழந்தையைத் தோளுக்கு ஏற்றிக்கொள்கிறார்கள்.

ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1930-களில் எழுதிய கட்டுரையில் கலைப்பொருளுக்கு இரண்டு மதிப்புகளைச் சொன்னார். ஒன்று வழிபாட்டு மதிப்பு, மற்றது காட்சி மதிப்பு. வழிபாட்டுப் பொருள் மறைந்திருக்க விரும்பும். பூசகர் மட்டும் நுழையும் கருவறைச் சிலைகளையும், ஆண்டில் பெரும்பகுதி மூடியே வைக்கப்படும் மாதா திருவுருவங்களையும் அவர் எடுத்துக்காட்டினார். காட்சிப் பொருள் எங்கும் எப்போதும் தென்பட விரும்பும். படியெடுக்கும் தொழில்நுட்பம் வளர வளர முதலாவது தேய்ந்து இரண்டாவது ஓங்கும் என்று கணித்தார். உலகில் மிக அதிகமாகப் படியெடுக்கப்பட்ட முகங்களில் ஒன்றுக்கு ஒஸ்லோவில் திரை திரும்பி வந்ததை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தெரிவது பொன் வில்வமாலையும் வெட்டவெளியும். ஒஸ்லோவில் கதவு விலகினால் தெரிவது காதைப் பொத்திக்கொண்ட ஓர் உருவம். நண்பர் இருவரோடு நடந்தபோது வானம் குருதி நிறமாகி, இயற்கையின் ஊடே முடிவில்லாத அலறல் ஒன்றைக் கேட்டதாக முங்க் எழுதியிருக்கிறார். இரண்டு இடத்திலும் கண்ணுக்கு எட்டாத ஒன்றைத்தான் காட்ட முயல்கிறார்கள். இரண்டு இடத்திலும் மறைப்பு, காண்கிறவரைத் தயார் செய்கிறது.

எமானுவேலின் அண்ணன் குஸ்தாவ் விகெலான் வேறு வழியில் போனவர். 1921-ல் அவர் ஒஸ்லோ நகரோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். நகரம் அவருக்கு வேலைக்கூடமும் வீடும் தர வேண்டும், அவர் செய்வதெல்லாம் நகரத்துக்குச் சொந்தம். அப்படிப் பிறந்ததுதான் ஃப்ரோக்னர் பூங்காவில் இருநூறுக்கும் மேற்பட்ட சிற்பங்கள் நிற்கும் வெளி. நடுவே ஒற்றைக் கருங்கல்லில் பதினான்கு மீட்டர் உயரத் தூண். அதில் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டும் தூக்கிக்கொண்டும் மேலேறும் 121 உடல்கள். விகெலான் களிமண்ணில் வடித்த உருவைக் கல்லுக்கு மாற்ற மூன்று கல்தச்சர்களுக்குப் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன. சிலுவை இல்லை, சூலம் இல்லை, தெய்வப் பெயர் எதுவும் இல்லை. குழந்தை, இளம்பெண், கிழவர், சண்டையிடும் தம்பதி, பேரனை மடியில் வைத்த பாட்டி என்று மனித உடல் மட்டுமே இருக்கிறது. இவற்றுக்கு உறுதியான விளக்கம் எதையும் விகெலான் விட்டுச் செல்லவில்லை.

1943-ல் அவர் இறந்தபோது நோர்வே ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்தது. 1944 கிறிஸ்துமஸ் காலத்தில், தூணைச் சுற்றியிருந்த மரக்கொட்டகைக்குள் பொதுமக்களை அனுமதித்தார்கள். 1.8 இலட்சம் பேர் வந்தார்கள். போர்க்காலப் பற்றாக்குறைக்கும் இருட்டுக்கும் நடுவே, கடுங்குளிரில், ஒரு கல்லைப் பார்க்க அத்தனை பேர். அவர்களில் பலர் அந்த வாரமே தேவாலயத்துக்கும் போயிருப்பார்கள். கொட்டகைக்கு அவர்களை அழைத்த மறைநூலும் இல்லை, வராவிட்டால் பாவம் என்று சொல்ல ஆளும் இல்லை. ஹெகல் சொன்ன மடங்காத முழங்காலை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

இன்று அந்தப் பூங்காவில் கூட்டம் மொய்ப்பது பாலத்தில் நிற்கும் கோபக்காரச் சிறுவனின் வெண்கலச் சிலையை. அவனது இடது கை மட்டும் பொன்னிறமாகப் பளபளக்கிறது. இலட்சக்கணக்கானோர் பிடித்துப் பிடித்து வெண்கலத்தின் மேற்பூச்சு தேய்ந்ததால் வந்த பளபளப்பு அது. தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாலும் தொடுகிறார்கள். ரோமாபுரியில் புனித பேதுருவின் வெண்கலப் பாதம் யாத்திரிகர்கள் தொட்டுத் தொட்டே விரல்கள் மழுங்கிவிட்டது. நம் ஊர்ச் சிவன் கோயில்களில் நந்தியின் காதில் குறை சொல்லிச் சொல்லி அந்தக் கல் வழவழப்பாகியிருக்கிறது. பேதுருவைத் தொடுகிறவருக்கு மன்றாட்டு இருக்கிறது, நந்தியிடம் குனிகிறவருக்கு வேண்டுதல் இருக்கிறது. அழுது காலை உதைக்கும் ஒரு பையனின் கையை ஏன் பிடிக்கிறார்கள்? பலரிடம் கேட்டாலும் தெளிவான பதில் வராது. மற்றவர்கள் பிடித்தார்கள், பிடித்தால் நல்லது நடக்குமாம், சமாதானப்படுத்தத் தோன்றியது என்பார்கள். இதை வெறும் விளையாட்டு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் கோட்பாடு எதுவும் உருவாகும் முன்பே கை நீண்டுவிடுகிறது என்பதை அந்தப் பொன்னிறக் கை காட்டுகிறது. மனிதன் முதலில் நம்பி, பிறகு வணங்கக் கற்றான் என்ற வரிசையே தலைகீழாக இருக்கலாம். உடம்பு முதலில் தாழ்ந்தது. யாருக்கு என்ற கேள்வி பின்னால் வந்தது.

இந்த இடத்தில் மெய்கண்டார் துணைக்கு வருகிறார். 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த அவர் சிவஞானபோதத்தைப் பன்னிரண்டே நூற்பாக்களில் முடித்தார். கண் தானாகக் காண்பதில்லை, உயிர் உடன் நின்று காட்டினால்தான் காணும். உயிரும் தானாகக் காண்பதில்லை, இறைவன் உடன் நின்று காட்டவே காணும். சைவ சித்தாந்தம் உயிருக்கு இன்னோர் இயல்பையும் சொல்கிறது: எதைச் சார்கிறதோ அதன் தன்மையைத் தானும் அடைவது. இதை ஏற்றால், எதையும் சாராமல் தூர நின்று தூய ரசனையோடு பார்க்கும் ஒருவர் இருக்கவே முடியாது. ஹெகல் நினைத்த அருங்காட்சியகப் பார்வையாளரும் ஏதோ ஒன்றைச் சார்ந்துதான் நிற்கிறார். கைபேசித் திரையைச் சார்ந்து நின்றால் அதன் அவசரம் அவருக்கு வரும். கல்லைச் சார்ந்து சிறிது நேரம் நின்றால் கல்லின் பொறுமை வரும். சித்தாந்தத்தின் கடவுளை ஏற்காதவர்களும் இந்த அளவுக்கு அதனோடு உடன்படலாம்.

பார்ப்பது எங்கே முடிகிறது, வழிபடுவது எங்கே தொடங்குகிறது என்ற இதே கேள்வி நோர்வேயில் நீதிமன்றம் வரை போனது. 1997-ல் கிறித்தவம், பிற சமயங்கள், வாழ்க்கை நோக்குகள் எல்லாம் அடங்கிய ஒரு பாடத்தைப் பள்ளிகளில் கட்டாயமாக்கினார்கள். வழிபாடு என்று தோன்றும் செயல்களிலிருந்து மட்டும் பிள்ளைக்கு விலக்குக் கேட்கலாம், அறிவுப் பகுதியிலிருந்து கேட்க முடியாது என்றது விதி. மனிதநேயச் சங்கத்தைச் சேர்ந்த பெற்றோர் சிலர் இதை ஏற்கவில்லை. வழக்கு ஸ்ட்ராஸ்பர்க் சென்றது. 2007 சூன் 29 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகள் ஒரு பக்கம், எட்டுப் பேர் மறுபக்கம். பாடத்தில் கிறித்தவத்துக்கு இருந்த எடை கூடுதல், பகுதி விலக்கு நடைமுறைக்கு உதவாது என்பது பெரும்பான்மையின் கருத்து. அறிவதையும் வணங்குவதையும் கோடு போட்டுப் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்த ஒரே ஓட்டு வேறுபாடு போதும்.

ஒஸ்லோவின் வடகிழக்கில் அமரூட் பகுதியில் சிவசுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது. போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் எழுப்பி வளர்த்த கோயில். அக்கம்பக்கத்து நோர்வேஜியர்கள் அங்கே வந்தால் அந்தக் கோடு எங்கே போகும் என்று எண்ணிப் பார்க்கலாம். வாசலில் காலணியைக் கழற்றுவார்கள். அதில் அவர்களுக்கு உறுத்தல் இராது, நோர்வே வீடுகளிலும் காலணியோடு யாரும் உள்ளே போவதில்லை. சுற்றிப் பார்ப்பார்கள், விளக்கம் கேட்பார்கள். தட்டில் திருநீறு வரும்போது கை தயங்கும். வாழைப்பழமும் பொங்கலும் வந்தால் விருந்தோம்பல் என்று வாங்கிக்கொள்வார்கள். அருச்சகருக்கோ, அம்மாமாருக்கோ அது பிரசாதம். ஒரே பொங்கல், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போது பூசையிலிருந்து விருந்தாக மாறுகிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. திருவிழாவில் முருகன் வெளியே உலா வரும்போது இதற்கு நேர்மாறான காட்சி: அங்கே தமிழர் கும்பிடுகிறார்கள், மற்றவர்களுக்கு அதுவே சுற்றுலா. ஃப்ரோக்னரில் படமெடுத்தவர்கள் அமரூட்டில் படத்துக்குள் இருக்கிறார்கள். இந்த இடமாற்றத்தை ஒருமுறையாவது அனுபவித்தவர்களுக்கு, பிறர் புனிதத்தின் முன் எப்படி நிற்க வேண்டும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

தவறான பெயரில் செலுத்தும் மரியாதை போய்ச் சேருமா என்பது இதன் அடுத்த படி. ஒசபர்க் என்ற பண்ணையில் 1904-ல் தோண்டியெடுத்த வைக்கிங் கப்பலோடு ஒரு வாளி கிடைத்தது. அதன் கைப்பிடி சேரும் இடத்தில் கண்மூடி, கால் மடித்துப் பத்மாசனமிட்ட சிறு உருவம். மார்பில் வண்ண எனாமல் சதுரங்கள். பார்த்தவர் எல்லாரும் புத்தர் என்றார்கள், 'புத்தர் வாளி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் அது அயர்லாந்துப் பக்கத்துக் கைவேலை, புத்தரோடு தொடர்பில்லை என்பது ஆய்வாளர் முடிவு. ஆசியாவிலிருந்து வருபவர் அதன் முன் ஒரு கணம் மெய்சிலிர்த்து நின்றால் அந்தச் சிலிர்ப்பு பொய்யா?

சீனத்தின் ஃபூஜியன் கரையில் சுவன்சோவ் துறைமுகம் இதற்கு எதிர்முனையில் நின்று பதில் சொல்கிறது. 1281-ல் அங்கே தமிழ் வணிகர்கள் சீனப் பேரரசர் கானின் நலனுக்காகச் சிவபெருமானை எழுந்தருளச் செய்ததைத் தமிழும் சீனமும் சேர்ந்த ஒரு கல்வெட்டு சொல்கிறது. செய்தவர் பெயர் சம்பந்தப் பெருமாள். கோயில் பின்னர் அழிந்தது. அதன் தூண்களும் புடைப்புச் சிற்பங்களும் ஊரெங்கும் சிதறின. புகழ்பெற்ற கையுவான் பௌத்த ஆலயத்தின் பின்புறத்தில் கண்ணனும் நரசிம்மரும் செதுக்கிய தூண்கள் இன்றும் கூரை தாங்குகின்றன. பக்கத்தில் செதியன் என்ற சிற்றூரில் நான்கு கைகளோடு ஒரு பெண் தெய்வம் இருக்கிறது. ஊர் மக்கள் அதைக் கருணையின் வடிவான குவான்யின் என்று வணங்கி ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். அதைக் காண வரும் தமிழர் இது நம் அம்மன் என்று நெகிழ்கிறார். ஊர்க்காரர் இது எங்கள் குவான்யின் என்கிறார். கலைவரலாறு தமிழர் பக்கம் பேசலாம். ஆனால் நெடுங்காலமாக அந்தக் கல்லுக்குப் புகை போட்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள். பெயர் தெரிந்தும் கைவிட்டவர்களைவிட, பெயர் தெரியாமல் காத்தவர்களுக்கு உரிமை கூடுதல் என்றே சொல்ல வேண்டும்.

பிக்டோய் தீபகற்பத்தில் உள்ள கோல் மரத்தேவாலயத்துக்கும் இதே கதைதான், சற்றுத் துயரமான முடிவோடு. இடைக்காலத்தில் நோர்வேயில் இத்தகைய மரத்தேவாலயங்கள் ஆயிரத்துக்கு மேல் இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். எஞ்சியவை 28. கோல் ஊரில் புதிய தேவாலயம் வந்ததும் பழையதை இடிக்க இருந்தார்கள். 1880-களில் மன்னர் இரண்டாம் ஆஸ்கார் பணம் தந்து அதைப் பிரித்து ஒஸ்லோவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். மரம் பிழைத்தது. நம் வழக்கத்தில் கோயிலைப் பிரிப்பதற்கு முன் பாலாலயம் செய்து சாந்நித்தியத்தை வேறிடத்துக்கு மாற்றுவார்கள், திருப்பணி முடிந்ததும் குடமுழுக்கில் திரும்ப அழைப்பார்கள். கோலுக்கு அப்படித் திரும்ப அழைக்கும் நாள் வரவில்லை. பின்னாளில் அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்கென்று ஒரு நகலைக் கட்டிக்கொண்டார்கள்.

கடைசியாக, மிகவும் கனமான காட்சி. ஒசபர்க் கப்பல் உண்மையில் ஒரு கல்லறை. 834-ல் இரண்டு பெண்களை அதில் கிடத்தி, வண்டி, சறுக்குவண்டிகள், நெசவுத்துணிகள், பலியிட்ட குதிரைகள் என்று உடன்வைத்து மண்மேடு எழுப்பினார்கள். பிக்டோயில் அதற்கென 1926-ல் திறந்த கூடம் சிலுவை வடிவத் தரையமைப்பும் வெண்ணிற வளைகூரையுமாகத் தேவாலயம் போலவே இருந்தது. உள்ளே வந்தவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்தினார்கள். 2022-ல் மூடிவிட்டுப் பெரிய புதிய அருங்காட்சியகம் கட்டும் வேலையைத் தொடங்கினார்கள்.

ஒசபர்க் பண்ணை தொன்ஸ்பெர்க் நகரை ஒட்டியது. அதே தொன்ஸ்பெர்க்குக்கு 1795-ல் ஆங்கில எழுத்தாளர் மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட் வந்தார். தேவாலயத்தின் ஒரு மூலையில், பெயர்கூட மறந்துபோன மனிதர்களின் பதப்படுத்திய உடல்கள் பெட்டிகளில் இருந்தன. வருகிறவர்களுக்கு அவற்றைக் காட்டுவார்கள். அவர் பின்வாங்கினார். மண்ணோடு மண்ணாக வேண்டியதை இப்படி வைத்துக் காட்டுவது மனித குலத்துக்கே செய்யும் துரோகம், நம் பலவீனத்தை மூடியிருக்கும் திரையை விலக்க யாருக்கும் உரிமையில்லை என்ற பொருளில் அடுத்த ஆண்டு வெளியான பயணக் கடிதங்களில் எழுதினார். அந்தக் கூர்மை இன்றும் குறையவில்லை. எல்லாவற்றையும் கண்டுவிட வேண்டும் என்ற பயணியின் பசிக்கு நடுவே, காணாமல் இருப்பதும் ஒரு மரியாதை என்று அவர் உணர்ந்தார்.

ஒசபர்க் பெண்களின் எலும்புகளை 1948-ல் நோர்வேஜியர்கள் கல்பேழையில் வைத்து அதே மேட்டில் மீண்டும் அடக்கம் செய்தார்கள். 2007-ல் ஆய்வுக்காக மறுபடியும் திறந்தார்கள். அந்த ஆய்வு வீணாகவில்லை. மூத்தவர் எழுபது எண்பது வயதைத் தொட்டவர், புற்றுநோயோடு வாழ்ந்து இறந்தவர் என்று தெரிந்தது. இளையவருக்கு ஐம்பது வயது. அதுவரை ராணி, அடிமை என்று கதையாக இருந்தவர்கள் வலி அனுபவித்த மனிதர்களாக நம் முன் வந்தார்கள். பார்வையால் விளைந்த இந்த நன்மையை வோல்ஸ்டன்கிராஃப்ட் அறிய வழியில்லை. ஆகவே எதையும் தோண்டாதே என்று கட்டளையிட முடியாது. ஒசபர்க்கில் கப்பல் வெளிப்பட்ட அதே ஆண்டுகளில்தான் தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர்த் தாழிகளைத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரியா தோண்டிக்கொண்டிருந்தார். அந்தத் தாழிகளுக்குள் இருந்தவர்களும் நமக்கு முன்னோர். அருங்காட்சியகத்தில் அவற்றின் முன் நிற்கும் பிள்ளைகளுக்கு இது பானை என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது.

எடுத்துச் சென்ற எலும்புகளைத் திருப்பிக் கேட்டதும் நோர்வேயில் நடந்திருக்கிறது. 1852-ல் நாட்டின் வடக்கே கௌதோகெய்னோவில் நடந்த எழுச்சிக்காக, 1854-ல் சாமி என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த ஆண்கள் இருவரின் தலையை அரசு வெட்டியது. மண்டையோடுகளை ஆய்வுக்கு அனுப்பினார்கள். வழிவந்தவர்கள் நெடுங்காலம் போராடிக் கேட்டபின், 1997-ல்தான் அவை மண்ணுக்குத் திரும்பின. 2008-ல் மனித எச்சங்கள் மீதான ஆய்வுகளை மதிப்பிட நோர்வே ஒரு தேசிய அறநெறிக் குழுவை அமைத்தது. சாமி மக்களுக்குக் கேட்க வழித்தோன்றல்கள் இருந்தார்கள். ஒசபர்க் பெண்களுக்கு யார் இருக்கிறார்கள்? இதற்கு நம் சட்டத்தில் ஒரு வழி உண்டு. கோயில் மூர்த்தியை உரிமையுள்ள ஆளாகவும், தானாகப் பேச இயலாத சிறாராகவும் கொண்டு, அவர் சார்பில் ஒருவர் வழக்காடலாம். 1976-ல் தஞ்சை மாவட்டம் பத்தூரில் மண்ணிலிருந்து வெளிவந்து லண்டன் போய்ச் சேர்ந்த நடராசர் வழக்கில், பாழடைந்த கோயிலையே வழக்காடும் தரப்பாக ஆங்கில நீதிமன்றம் ஏற்றது. 1991-ல் நடராசர் இந்தியா திரும்பினார். கேட்பாரற்ற இறந்தோருக்கும் அப்படி ஒரு காவலரை நோர்வே நியமிக்கலாம். எலும்புகள் எப்போது மேட்டுக்குத் திரும்பும், அதுவரை யார் கண்ணில் படலாம் என்பதை அந்தக் காவலர் அருங்காட்சியகத்தோடு பேசி முடிவு செய்யட்டும். புதிய கூடம் திறக்கும்போது, கப்பலின் நீள அகலத்தைச் சொல்லும் பலகைக்கு முன்பாக, இது இரண்டு பெண்களின் கல்லறை, 1904-ல் திறந்தோம், 1948-ல் மூடினோம், 2007-ல் மறுபடி திறந்தோம் என்று வாசலிலேயே எழுதி வைக்கட்டும். நுழைவுச்சீட்டு வாங்கி வருகிறவர்கள் அதைப் படித்த பிறகு உள்ளே போகலாம்.